திண்ணைப் பள்ளியின் திருநாள்கள்

1823ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பல்லாரி ஜில்லாவின் கலெக்டராக இருந்த ஏ. டி. காம்ப்பெல் என்பவர் சென்னை ரெவினியூ போர்டாருக்கு அனுப்பிய அறிக்கையொன்றில், ஒரு குழந்தையைப் பள்ளியில் வைக்கும் சடங்கை விரிவாக எழுதியிருக்கிறார். குழந்தைக்கு ஐந்து வயது ஆனதும் பெற்றோர் உபாத்தியாயரையும் அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அனைவரையும் தம் இல்லத்துக்கு அழைக்கிறார்கள். விநாயகர் திருவுருவத்தைச் சுற்றிப் பிள்ளைகள் வட்டமாக அமர, புதிதாகப் படிக்கத் தொடங்கும் குழந்தை அத்திருவுருவத்துக்கு நேர் எதிரே உட்காருகிறது. பக்கத்தில் அமர்ந்த உபாத்தியாயர் தூபம் காட்டி, நைவேத்தியம் செய்து, அறிவைத் தந்தருளும்படி வேண்டும் பிரார்த்தனையைக் குழந்தையின் வாயால் சொல்வித்து, அதன் விரலைப் பிடித்து அரிசியிலே இறைவன் திருநாமங்களை எழுதுவிக்கிறார். பெற்றோர் தம் சக்திக்கேற்ற சன்மானம் அளித்து அவரை வழியனுப்புகிறார்கள். மறுநாட் காலை முதல் படிப்பு ஆரம்பமாகிறது.

காம்ப்பெல் 1816ஆம் ஆண்டிலேயே தெலுங்கு மொழிக்கு ஓர் இலக்கணம் எழுதி வெளியிட்டவர். ஆதலால் நம் வழக்கங்களை ஒன்றும் அறியாமல் எட்ட நின்று பார்த்தவர் அல்லர். அவர் எழுதியவற்றுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது, அரிசியில் எழுதுவித்த செய்தியைவிட, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அனைவரும் அந்த வீட்டுக்கு அழைக்கப்பட்டார்கள் என்ற செய்திதான். ஒரு குழந்தை பள்ளிக்குப் போகுமுன்பு பள்ளி அக்குழந்தையைத் தேடி வந்தது. நாளை எவரோடு மணலில் உட்கார்ந்து எழுதப் போகிறதோ அவர்களை இன்றே தன் வீட்டுக் கூடத்தில், வாழையிலையும் சர்க்கரைப் பொங்கலுமாக, குழந்தை சந்தித்துவிடுகிறது. பள்ளிக்கூடம் என்றாலே அழுது அடம்பிடிக்கும் வயதில், அந்தப் பயத்தைப் போக்குவதற்கு இதைவிட நல்ல உபாயத்தை எவரும் கண்டதாக எனக்குத் தெரியவில்லை.

பல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கும் நாடு. எனினும் இந்தச் சடங்கு தமிழ்நாட்டுத் திண்ணைகளுக்கும் பொதுவானதே. வடமொழியில் வித்தியாரம்பம் என்றும் அட்சராப்பியாசம் என்றும் சொல்வதை நம் நாட்டார் பள்ளியில் வைத்தல் என்றார்கள். யாழ்ப்பாணத்தார் ஏடு தொடக்குதல் என்று இன்றும் சொல்லி, விஜயதசமியன்றும் தைப்பூசத்தன்றும் அதைச் செய்கிறார்கள். மலையாள நாட்டாருக்கு அது எழுத்தினிருத்து. திரூருக்கு அருகே எழுத்தச்சன் பிறந்த துஞ்சன் பறம்பில் விஜயதசமியன்று குழந்தைகளோடு வந்து கூடுவோர் கணக்கிலர். முஸ்லிம் குடும்பங்களில் பிஸ்மி சொல்லி ஓதவைப்பதும் இதே அன்பின் மற்றொரு வடிவம். இவை எல்லாவற்றிலும் பழமையானதாக ஒரு தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துக்களில் மை தடவி அவற்றைக் கண்ணுக்குப் புலப்படச் செய்வதை ஒட்டி மையாடல் என்ற பெயர் எழுந்தது. மையாடலில் ஈடுபட்ட இளம் மாணவரைப் பற்றிய குறிப்புப் பரிபாடலிலேயே வருகிறது என்பதை எண்ணும்போது, கல்வியின் தொடக்கத்தைக் கொண்டாடும் ஆசை இந்நாட்டு மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பது விளங்கும்.

திண்ணைப் பள்ளியின் அன்றாட வாழ்வை நாம் கண்ணால் கண்டதுபோல் அறிந்துகொள்ள உதவுவோருள் தலையாயவர் மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர். 1855இல் பிறந்த அவர் தம் முதுமையில் ஆனந்த விகடனில் எழுதிவந்த ‘என் சரித்திரம்’, புலவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறாக இருப்பதோடு, மறைந்துபோன ஒரு கல்விமுறையின் நினைவுச் சின்னமாகவும் நிற்கிறது. விடியுமுன்னரே பிள்ளைகள் திண்ணைக்கு வந்து சேர்வதும், இருட்டிலேயே முன்னாட் பாடங்களை உரத்த குரலில் ஒப்பிப்பதும், சூரியன் உதித்தபின் ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ சென்று காலைக்கடன் முடித்து, திரும்பும்போது தாங்கள் எழுதுவதற்கு வேண்டிய மணலைத் தாங்களே எடுத்துவந்து பரப்புவதும், முதலில் வந்த பையன் கௌரவம் பெறுவதும், பிந்தி வந்தவர்கள் பிந்திய வரிசைக்குத் தக்கபடி அடி வாங்குவதும் அக்காலத்துப் பள்ளிகளின் கிரமம். காம்ப்பெல் இதையும் குறித்திருக்கிறார்: முதலில் வந்தவனுடைய உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும், இரண்டாவதாக வந்தவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுழி, மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்குமேல் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். உள்ளங்கையில் கலைமகளின் பெயரைத் தாங்கிக்கொண்டு, அது அழிந்துவிடாமல் அன்றைப் பொழுதெல்லாம் கையைக் காத்த ஒரு சிறுவனை நினைத்துப் பார்க்கிறேன்; அவன் அன்று பெற்ற பரிசுக்கு ஈடாக எந்த வெள்ளிக் கோப்பையைச் சொல்வது!

அந்தத் திண்ணையில் கற்பிக்கப்பட்டவை எளியவையும் அல்ல. அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, உலகநீதி முதலிய நீதிநூல்களும், சதகங்களும், நிகண்டும் மனனமாகும். எண்சுவடியில் முந்திரி என்பது ஒன்றில் 320இல் ஒரு பங்கு. அந்த முந்திரியையும் 320 கூறாக்கி அதில் ஒரு கூற்றைக் கீழ்முந்திரி என்பார்கள். முந்திரி, காணி, மா, மாகாணி, அரைக்கால் என்று பின்னங்களைப் பெருக்கியும் கூட்டியும், காகிதமும் பென்சிலும் இன்றி வாயாலேயே விடை சொல்லும் வல்லமையைப் பத்து வயதுப் பிள்ளைகள் பெற்றிருந்தார்கள். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் ஒரு பூ, ஒரு பட்சி, ஒரு மிருகம், ஓர் ஊர் இவற்றின் பெயர்களைச் சொல்லியனுப்புவார். அவற்றை மறவாமல் மறுநாள் வந்து சொல்லவேண்டும். ஒரே கூரையின்கீழ் முப்பது பிள்ளைகள் இருந்தால் மறுநாட் காலையில் முப்பது பூக்களும் முப்பது பறவைகளும் அந்தத் திண்ணைக்கு வந்து சேரும். ஞாபகசக்தியை விருத்தி செய்வதற்காக ஏற்பட்ட இந்தப் பயிற்சி, பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே இருந்திருக்கும்.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயம் தொடங்குகிறது. இன்று நாம் பள்ளியில் பாடம் வேறு, விழா வேறு என்று பிரித்து, பாடவேளைகளுக்கு நடுவே விழாவுக்கு இடம் தேடுகிறோம். திண்ணைப் பள்ளியிலோ ஒவ்வொரு பாடத்தின் வாயிலிலும் ஒரு விழா இருந்தது. ஒவ்வொரு விழாவின் உள்ளேயும் ஒரு பாடம் இருந்தது. ஒரு பிள்ளை ஒரு சுவடியை முடித்துப் புதிய சுவடி தொடங்கும் நாளை எடுத்துக்கொள்வோம். பனையோலையை வாரி, நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்து, உபாத்தியாயரோ தேர்ந்த மாணாக்கன் ஒருவனோ எழுதிக்கொடுத்த அந்தச் சுவடிக்குப் பிள்ளையின் வீட்டில் மஞ்சள் தடவி, பூச்சூட்டி, பூஜை செய்வார்கள். கரியை இலைச்சாற்றில் குழைத்த மை எழுத்துக்களில் ஏறியிருக்கும். பொரி, கடலை, பழம், கற்கண்டு முதலியவற்றுடன் அதைப் பள்ளிக்கு எடுத்துவர, உபாத்தியாயர் முதற் பாட்டைப் படித்துக் காட்டப் பிள்ளை பின்தொடர்ந்து சொல்வான். அதன்பின் கொண்டுவந்த பண்டங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கிடப்படும். அன்று பிற்பகல் விடுமுறை. ஒருவன் மூதுரை தொடங்கினால் எல்லோருக்கும் கடலை. ஒருவன் நிகண்டுக்கு உயர்ந்தால் எல்லோருக்கும் அரைநாள் ஓய்வு. ஒரு பிள்ளையின் முன்னேற்றம் மற்றப் பிள்ளைகளுக்குப் பொறாமையை விளைக்காமல் ஆவலை விளைவித்தது. அடுத்த சுவடி எவனுடையது என்று ஒருவரையொருவர் தூண்டியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வாங்கிய எண்களைச் சுவரில் ஒட்டிப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் காலத்தில் வாழும் நமக்கு, ஒருவனுடைய தேர்ச்சியை எல்லோரும் உண்டு மகிழும்படி செய்த அந்த ஏற்பாடு எத்துணை நுட்பமானது என்பது எளிதில் புலப்படாது.

விடுமுறை நாள்களும் வானத்தைப் பார்த்தே வந்தன. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த பிரதமை, அஷ்டமி ஆகிய திதிகளில் பள்ளி நடவாது. இந்நாள்களுக்கு வாவு என்று பெயர். உவா என்பதன் திரிபு அது. ஞாயிற்றுக்கிழமையை எண்ணிக் காத்திருக்கும் இக்காலத்துப் பிள்ளைகளைப்போல, அக்காலத்துப் பிள்ளைகள் சந்திரன் தேய்வதையும் வளர்வதையும் பார்த்து விடுமுறையை எண்ணினார்கள். வானசாஸ்திரத்தின் முதற்பாடம் அவர்களுக்கு அப்படி வந்து சேர்ந்தது.

இனி நவராத்திரிக்கு வருவோம். திண்ணைப் பள்ளியின் ஆண்டு முழுவதற்கும் அதுவே சிகரம்.

மகாநவமி என்றும் பெயர்பெற்ற இவ்விழா ஆதியில் அரசர்களுடையது. விஜயநகரத்தில் அது ஒன்பது நாள் நடந்த சிறப்பை, ஏறத்தாழ 1520ஆம் ஆண்டளவில் அந்நகருக்கு வந்த டொமிங்கோ பாயஸ் என்ற போர்த்துகீசியர் வியந்து எழுதியிருக்கிறார். அந்த விழாவின் பெயரைத் தாங்கிய பெரிய மேடை ஹம்பியின் இடிபாடுகளுக்கு நடுவே இன்னும் நிற்கிறது. விஜயநகரத்தின் வழிவந்த நாயக்கர்களும், அவர்களை அடுத்துச் சேதுபதிகளும் அதைத் தம் தம் தலைநகர்களில் நடத்தினார்கள். திருமலை நாயக்கர் இந்த விழாவைத் தம் ஊரிலேயே கொண்டாடும் உரிமையைச் சேதுபதிக்கு அளித்தார் என்பது இராமநாதபுரத்தார் போற்றிவரும் வரலாறு. பத்தாம் நாளில் அரசர் வெளியே எழுந்தருளி அம்பு எய்வார். மகாநவமி என்ற சொல் தமிழ் வாயில் மகர்நோன்பு என்று மாறி வழங்கியது. சங்கீத வித்துவான்களால் புகழ்பெற்ற தஞ்சாவூர் மானம்புச்சாவடியின் பெயரிலும் மகர்நோன்புதான் மறைந்து நிற்கிறது.

அரண்மனையில் ஆயுதங்களுக்கு நடந்த பூஜை, தச்சன் வீட்டில் உளிக்கும் உழவன் வீட்டில் ஏருக்கும் தட்டான் வீட்டில் தராசுக்கும் நடந்தபோது, திண்ணைப் பள்ளியில் அது ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் நடந்தது. சுவடிகளை அடுக்கி, மேலே பட்டுத் துணி போர்த்தி, சந்தனமும் குங்குமமும் இட்டுக் கலைமகளாகவே பாவித்து வழிபட்ட அந்த நாளில் எவரும் ஒரு வரிகூடப் படிக்கலாகாது என்பது விதி. என் இளம் பிராயத்தில், ஆண்டு முழுவதும் படி படி என்று சொன்ன பெரியவர்களே அன்று ஒருநாள் புத்தகத்தைத் தொடாதே என்று தடுக்க, வழியில் கிடந்த மளிகைக் காகிதத்தின் எழுத்துக்கூடக் கண்ணில் பட்டுவிடுமோ என்று அஞ்சி நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு நாள் முழுவதும் எழுத்தை விட்டு விலகியிருந்த பிறகு, மறுநாள் விஜயதசமியின் காலையில் பூஜையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்து, வாசனை மாறாத அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது உண்டாகும் ஆனந்தத்தை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

அந்த நாள்களில்தான் உபாத்தியாயர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீடுவீடாகப் புறப்படுவார். பிள்ளைகள் தங்களுக்குக் கிடைத்த நல்ல உடைகளை உடுத்து, வர்ணம் தீட்டிய கோல்களைக் கையிலேந்தி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கோலாட்டமிட்டுப் பாடுவார்கள். வீட்டுக்காரர் தம் நிலைமைக்கேற்பப் பணமோ துணியோ தானியமோ உபாத்தியாயருக்குக் கொடுப்பார். பிள்ளைகளுக்குப் பொரியும் சுண்டலும் கிடைக்கும். தெலுங்கு நாட்டில் இவ்வழக்கம் இன்னும் விமரிசையாக இருந்தது. பிள்ளைகள் பூச்சுற்றிய சிறு வில்லும் அம்பும் தாங்கி, அரசருடைய மகாநவமியைத் தெருவிலே நடித்துக்கொண்டு வருவார்கள். ஐயவாருக்கு, அதாவது உபாத்தியாயருக்கு, சில வராகனும் பிள்ளைகளுக்குப் பருப்பும் வெல்லமும் போதும் என்ற கருத்தமைந்த ஒரு பாட்டு அந்நாட்டுப் பெரியவர்கள் பலருக்கும் இன்றளவும் நெஞ்சில் நிற்பது.

இதை யாசகம் என்று எண்ணி முகம் சுளிப்போர் உண்டு. அவர்கள் திண்ணை உபாத்தியாயருடைய ஜீவனத்தை அறியாதவர்கள். சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தம் ஆட்சிக்கு உட்பட்ட எல்லா ஜில்லாக்களிலும் உள்ள பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கும்படி உத்தரவிட்டார். காம்ப்பெல் எழுதிய அறிக்கையும் அதன் பொருட்டு எழுந்ததே. கலெக்டர்கள் அனுப்பிய கணக்குகளைக் கொண்டு 1826ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மன்றோ எழுதிய குறிப்பின்படி, ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையில் பள்ளிகள் 12,498. அவற்றில் படித்தோர் 1,88,650 பேர். ஆசிரியர்கள் பொதுவாக மாதம் ஆறு ஏழு ரூபாய்க்குமேல் சம்பாதிப்பதில்லை என்றும், அது தக்கவர்களை இத்தொழிலுக்கு இழுக்கப் போதாது என்றும் அவர் எழுதினார். அந்த ஆறேழு ரூபாயும் கிரமமாக வந்ததன்று. பெற்றோர் சிலர் காசாகவும் சிலர் களத்து நெல்லாகவும் சிலர் காய்கறியாகவும் கொடுத்தார்கள். அறுவடைக்கு அறுவடை, பிள்ளைக்குப் பிள்ளை மாறிவந்த இந்த வருவாயில் எஞ்சி நின்ற குறையைச் சுவடி தொடங்கும் நாளும், வாவு நாளும், நவராத்திரியுமே ஒருவாறு நிரப்பின. அரசாங்கத்துக் கஜானாவிலிருந்து அவருக்கு ஒன்றும் வருவதில்லை. ஊராரின் பஞ்சாங்கமே அவருக்குச் சம்பளப் பட்டியல்.

பணத்தைக் காட்டிலும் பெரியது ஒன்று அந்த ஊர்வலத்தில் நடந்தது. அதைப் பற்றி எவரும் போதிய அளவு எழுதவில்லை என்பது என் எண்ணம். வாசலில் நின்ற பிள்ளைகள் பாட்டுப் பாடியபோது, திண்ணையில் சாய்ந்திருந்த கிழவர் ஒருவர் ஒரு பையனைக் கூப்பிட்டு உலகநீதியைச் சொல்லச் சொல்லுவார். கணக்குப்பிள்ளை முக்காலே மூன்றுவீசத்தைக் கால்கொண்டு பெருக்கச் சொல்லுவார். ‘நம் வீட்டுப் பையனைவிட அடுத்த தெருப் பையன் நன்றாகச் சொல்கிறானே’ என்று கதவுக்குப் பின்னே நின்ற தாய்மார் தம்முள் பேசிக்கொள்வார்கள். உபாத்தியாயர் ஓராண்டில் என்ன செய்தார் என்பதை ஊர் முழுவதும் தன் கண்ணாலும் காதாலும் அறிந்துகொண்ட பகிரங்கப் பரீட்சை அது. பிள்ளைகள் மேளமும் கோலாட்டமுமாகப் பரீட்சைக்குப் போனார்கள்; பரீட்சித்தவர்கள் பொரி கொடுத்து அனுப்பினார்கள். நன்றாகக் கற்பித்தவருக்கு அந்த வாசல்களில் கிடைத்த வெகுமதிக்கும் சோம்பேறிக்குக் கிடைத்ததற்கும் வேறுபாடு இல்லாமலா போயிருக்கும்?

இவ்வளவு சொன்னபின், அந்த ஊர்வலம் எந்தெந்த வாசல்களுக்குப் போகவில்லை என்பதையும் சொல்லாவிடில் நான் சொன்னது பாதி உண்மையாகவே நிற்கும். மன்றோவின் கணக்கில் ஆண்பிள்ளைகள் 1,84,110 பேர். பெண்பிள்ளைகள் 4,540 பேர். அச்சிறுதொகையில் கோயில்களில் ஆடும் மரபினரும் அடங்குவர். தமிழ் ஜில்லாக்களின் பள்ளிகளில் பிராமணரல்லாத குடிகளின் பிள்ளைகளே பெரும்பகுதியினராக இருந்தார்கள் என்பதை அக்கணக்குகள் காட்டுவது உண்மை; மேற்குலத்தாருக்கே பள்ளிகள் இருந்தன என்ற பொதுவான எண்ணத்தை அது மாற்றுகிறது. ஆனால் சேரியில் பிறந்த பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. விஜயதசமியின் மேளச் சத்தம் சேரிக்கும் கேட்டிருக்கும். உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்படும் பாக்கியத்தை மட்டும் அங்குள்ள பிள்ளைகளுக்கு ஊர் கொடுக்கவில்லை. கல்வியைத் தெய்வமாகக் கொண்டாடிய சமூகமே அத்தெய்வத்தின் சந்நிதிக்கு வரும் வழியை அடைத்தது. எந்தத் திருநாளின் அழகும் அந்தக் கொடுமையை மறைத்துவிட முடியாது. 1894இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பாடசாலையைத் திறந்தபோதுகூட, அதன் தேவையை எடுத்துச் சொல்லித் தூண்ட அயோத்திதாச பண்டிதர் போன்றோர் முன்னின்று பாடுபட வேண்டியிருந்தது.

பெண்களுக்குப் பள்ளி மறுக்கப்பட்டிருந்தும், நவராத்திரி மாத்திரம் அவர்களை முற்றிலும் கைவிடவில்லை. வீட்டில் கொலுப்படிகளை அமைத்து, மரப்பாச்சிகளையும் மண்பொம்மைகளையும் கிரமமாக வைத்து, சின்னஞ்சிறிய தெப்பமும் வயலும் அமைத்து, தெருத்தெருவாகச் சென்று குங்குமம் கொடுத்துப் பிறரை அழைத்து, வந்தவர் கேட்கத் தயங்காமல் பாடிக்காட்டிய பெண்பிள்ளைக்கு, அந்தக் கொலுவே பள்ளிக்கூடமாகவும் அரங்கமாகவும் இருந்தது. ஆண்பிள்ளைகள் வெளியே வாசலில் பாடினார்கள். பெண்பிள்ளைகள் உள்ளே கூடத்தில் பாடினார்கள். எழுத்தறியாமலே நூற்றுக்கணக்கான பாட்டுக்களையும் புராணக் கதைகளையும் நெஞ்சில் சேமித்து வைத்திருந்த நம் பாட்டிமார் கற்ற இடம் அதுதான்.

தண்டனைகளையும் மறைப்பதற்கில்லை. கைகளைக் கயிற்றில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடும் கோதண்டம், ஓயாமல் எழுந்து எழுந்து உட்காரச் செய்வது, காலில் கட்டையைப் பூட்டுவது என்பவை பிள்ளைகளின் உடலையும் மனத்தையும் நலியச் செய்தவை. கோலாட்டத்தின்போது சிரித்த முகத்தோடு முன்னே நடந்த அதே உபாத்தியாயர்தாம் மறுவாரம் பிரம்பை எடுத்தார். மற்றப் பிள்ளைகளை மேற்பார்க்கும் சட்டாம்பிள்ளையாக இருந்த பையன் தனக்கு வேண்டாதவர்களைக் காட்டிக்கொடுத்துப் பழிதீர்த்ததும் உண்டு.

சட்டாம்பிள்ளை முறையோ கடல் கடந்து போய்ப் பெயர் பெற்றது. 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் விடுதியிலும் மணல் பரப்பி, முன்னேறிய பிள்ளையைக்கொண்டு பின்தங்கிய பிள்ளைக்குக் கற்பிக்கச் செய்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது மதராஸ் முறை என்று பரவியது. ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் அவர் பணத்தால் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் காலேஜ் என்றே வழங்குகிறது. அங்கே போனவை மணலும் சட்டாம்பிள்ளையும்; சுவடி தொடங்கும் நாளின் கடலையும் நவராத்திரியின் கோலாட்டமும் கப்பல் ஏறவில்லை. முறையைக் கண்டவர்கள் அதன் உயிரைக் காணத் தவறினார்களோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

இங்கோ வேறு மாறுதல்கள் வந்தன. 1854ஆம் ஆண்டின் சார்லஸ் உட் கல்விச் சாசனத்தை அடுத்து மானியமுறை ஏற்பட்டது. பரீட்சையில் தேறிய பிள்ளைகளின் தொகைக்கு ஏற்ப ஆசிரியருக்குப் பணம் தரும் ஏற்பாடும் நம் ராஜதானியில் சிலகாலம் வழங்கியது. ஓராண்டுப் படிப்பை அளந்து பார்க்கும் பொறுப்பு ஊராரிடமிருந்து இன்ஸ்பெக்டர் கைக்கு மாறிற்று. சிலேட்டும் அச்சிட்ட புத்தகமும் வந்ததும் சுவடிக்கு மஞ்சள் தடவ வேண்டியிருக்கவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கும் புத்தகத்துக்கு எவர் பொரி கொண்டுவந்தார்! மாதச் சம்பளம் கிடைத்த ஆசிரியர் வாசல் வாசலாகப் போவதை விட்டார். அதற்காக அவரைக் குறை கூறவும் இயலாது. 1920ஆம் ஆண்டில் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்த காலத்துக்குள், பெரும்பாலான ஊர்களில் திண்ணை வெறுந்திண்ணை ஆயிற்று. அதற்குப் பதிலாகப் பள்ளிகளில் ஆண்டுவிழா தோன்றியது. பந்தலும் தலைமையுரையும் பரிசளிப்பும் நாடகமும் கொண்ட அவ்விழாவை நான் குறைவாக மதிக்கவில்லை. எத்தனையோ நடிகர்களும் பேச்சாளர்களும் அந்த மேடையில்தான் முதன்முதல் வாய் திறந்தார்கள். எனினும் அது ஆண்டுக்கு ஒருநாள் பள்ளியின் மதிலுக்குள் நடந்து முடிவது. பாடத்தின் வாயிலில் நின்ற பழைய விழாவின் இடத்தை அது பெறவில்லை.

பழைய இழை அறாமல் தொடரும் இடமென்று சொல்லத்தக்கது ஈழத்துப் பள்ளிகள். 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளின் வகுப்பு முறையையும் அச்சுப் புத்தகத்தையும் தயங்காது ஏற்றுக்கொண்டு, தாமே பால பாடங்களை இயற்றியளித்து, சைவ மரபின் ஒழுக்கத்தையும் அதனுள்ளே இணைத்தார். அந்த இணைப்பின் பயனை இன்றும் காணலாம். நவராத்திரி வந்தால் ஈழத்துப் பள்ளிகளில் வாணி விழா நடக்கிறது. குமரகுருபரர் அருளிய சகலகலாவல்லி மாலையைப் பிள்ளைகள் ஒருமித்துப் பாட, வகுப்புக்கு ஒருநாள் என்று பூஜையின் பொறுப்பு மாறிமாறி வர, சுண்டலும் அவலும் பங்கிடப்பட, பேச்சும் இசையும் அரங்கேறுகின்றன. யுத்தத்தால் ஊர் விட்டு ஊர் பெயர்ந்து, பின்பு கடல் கடந்து குடியேறிய குடும்பங்களும், தம் பிள்ளைகள் சனி ஞாயிறுகளில் தமிழ் கற்கும் பள்ளிகளில் இதே விழாவை விடாமல் நடத்துகின்றன. தமிழைப் பேசத் தடுமாறும் குழந்தையும் அந்த மாலையின் பாட்டுக்களைத் தடுமாறாமல் சொல்கிறது.

தமிழ்நாட்டில் ஊருக்கும் பள்ளிக்கும் இருந்த தொடர்பு வேறொரு வழியில் மீண்டது. 1958ஆம் ஆண்டு முதல், காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. பள்ளிக்கு என்ன குறை என்று ஆசிரியர்கள் எடுத்துச் சொல்ல, ஊரார் கூடி நிலமும் கட்டடமும் பெஞ்சியும் கடிகாரமும் பிள்ளைகளுக்குச் சீருடையும் கொடுத்தார்கள். அண்மைக் காலத்தில் அதே உணர்ச்சி கல்விச் சீர் என்ற அழகிய பெயரைப் பெற்றிருக்கிறது. தாய்மாமன் சீர் கொண்டுபோகும் முறையிலேயே, மேளம் முழங்க, பெண்கள் தேங்காயும் பழமும் பூவும் வைத்த தாம்பாளங்களை ஏந்தி முன்னே வர, ஆண்கள் பீரோவையும் நாற்காலிகளையும் மின்விசிறியையும் தண்ணீர்க் குடங்களையும் தோளில் சுமந்து பின்னே வர, ஊர் முழுவதும் அரசுப் பள்ளியை நோக்கி நடந்து செல்கிறது. முன்னர்த் தன் வாசலுக்கு வந்து பாடிய பிள்ளைகளுக்குப் பொரி கொடுத்த ஊர் அது. இந்த முறை எந்தத் தெருவும் விலக்கப்படாமல், சேரியிலிருந்தும் வந்த தாய்மார் அந்தத் தட்டுகளை ஏந்துகிறார்கள். பள்ளியின் வாயிலில் கோலமிட்டு, குத்துவிளக்கேற்றி, கையில் சந்தனக் கிண்ணத்தோடு ஆசிரியர்களும், அவர்களுக்கு முன்னே வரிசையாக, ஆண்களும் பெண்களுமாய்ப் பிள்ளைகளும் காத்து நிற்கிறார்கள்.